விளக்கைக் கடன் கேட்பது எப்படி? காப்பாட்சியர் வேலை பற்றி ஒரு எளிய விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமை காலைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் ஒருநாள் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, 11-ஆம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். மேற்படிப்பு பற்றிப் பள்ளியில் ஏதோ படிவம் கொடுத்திருக்கிறார்களாம். "ஆன்ட்டி, நீங்க ஆர்ட் கேலரியிலதானே வேலை செய்றீங்க? கியூரேட்டர்னா படம் மாட்டுறவங்களா?" என்று தடுமாறித் தடுமாறித் தமிழிலேயே கேட்டாள்.

நான் கியூரேட்டர் இல்லை. டர்பனில் ஒரு கலைக்கூடத்தில் பதிவாளராக இருக்கிறேன். எந்தப் பொருள் எப்போது வந்தது, இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது, யாருக்குக் கடனாகப் போயிருக்கிறது என்று கணக்கு வைப்பது என் வேலை. ஆனால் பத்து வருடமாகக் கியூரேட்டர்களுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் எதற்கெல்லாம் தூக்கம் கெடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று அவளிடம் நின்றபடியே இரண்டு வாக்கியம் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு அது போதாது என்று பட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் கியூரேட்டரைக் காப்பாட்சியர் என்று எழுதுவார்கள். நல்ல சொல். கியூரேட்டர் என்ற சொல்லுக்கும் லத்தீனில் 'பேணிப் பார்த்துக்கொள்பவர்' என்ற பொருளே வேர். பழைய அருங்காட்சியகத்தில் இந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தும். சோழர் காலச் செப்புத் திருமேனியோ பழங்காசோ கையில் இருக்கும். அதைச் செய்தவர் உயிரோடு இல்லை. பொருளைப் பூச்சி அரிக்காமல், திருட்டுப் போகாமல் காத்து, ஆராய்ந்து, நாலு பேருக்குக் காட்ட வேண்டும்.

சமகாலக் கலைக்கு வந்தால் கதை மாறுகிறது. இங்கே கலைஞர் உயிரோடு இருக்கிறார். நேற்று ஒன்று சொன்னவர் இன்று போன் போட்டு வேறு சொல்வார். அவர் செய்வது ஓவியமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. வீடியோவாக இருக்கலாம், ஓர் அறை நிறைய மண்ணாக இருக்கலாம், அரை மணி நேரம் ஒருவர் அசையாமல் நிற்பதாகக்கூட இருக்கலாம்.

நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். வாசலில் போட்ட கோலத்தை அருங்காட்சியகம் எப்படி வாங்கும்? சாயங்காலத்துக்குள் அது மிதிபட்டுப் போய்விடும். இந்தக் கேள்விக்குக் கலை உலகம் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட் 1968-இலிருந்து சுவரில் நேரடியாக வரையும் படைப்புகளைச் செய்தார். அருங்காட்சியகம் அவரிடமிருந்து வாங்கியது சுவரை அல்ல. எப்படி வரைய வேண்டும் என்ற குறிப்பையும், அது அவருடைய படைப்புதான் என்று உறுதி சொல்லும் சான்றிதழையும் வாங்கியது. கண்காட்சி முடிந்தால் சுவருக்கு வெள்ளையடித்துவிடலாம். அடுத்த முறை வேறு ஊரில், வேறு கைகள் அதே குறிப்பைப் பார்த்து வரையும். கோலத்தையும் அப்படி வாங்கலாம்: எத்தனை புள்ளி, அரிசி மாவா கல்மாவா, யார் போடலாம், எந்த நேரத்தில், எப்போது அழிக்க வேண்டும். இந்தக் குறிப்பைக் கலைஞரோடு உட்கார்ந்து எழுதி வாங்குவது காப்பாட்சியரின் வேலை. ஒரு வரி விட்டுப்போனால், 40 வருடம் கழித்து வரும் இன்னொரு காப்பாட்சியர் தப்பான கோலத்தைப் போட்டுக்கொண்டிருப்பார்.

இனி வேலையின் உள்ளே போவோம். ஒரு கற்பனைக் கண்காட்சியை எடுத்துக்கொள்கிறேன்.

டர்பனில் பிறந்த இளம் கலைஞர் ஒருவர் வந்து சொல்கிறார்: "ஓர் அறை. தரையில் செம்மண். அதன்மேல் 50 காமாட்சி விளக்குகள், எல்லாம் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பங்களின் வீடுகளிலிருந்து கடன் வாங்கியவை. சுவர் முழுக்க எண்கள்." எந்த எண்கள் என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதராஸில் புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, சட்டகம் போட்டு, வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

யோசனை அழகாக இருக்கிறது. "சரி" என்று காப்பாட்சியர் உடனே சொல்லிவிட மாட்டார். முதல் சில வாரங்கள் அவர் கேள்விதான் கேட்பார். ஏன் 50? ஏன் விளக்கு, ஏன் அம்மிக்கல் இல்லை? இதே எண்களை வைத்து இதற்கு முன் யாராவது செய்திருக்கிறார்களா? கப்பலில் வந்த வட இந்தியக் குடும்பங்களுக்கும் தெலுங்குக் குடும்பங்களுக்கும் இந்த அறையில் இடம் உண்டா? கலைஞரை மடக்குவதற்காகக் கேட்பதில்லை. நாளைக்குப் பார்வையாளரும் பத்திரிகைக்காரரும் கோயில் கமிட்டிக்காரரும் இதையேதான் கேட்பார்கள். அப்போது பதில் இருக்க வேண்டும். கலைஞரின் முதல் வாசகர் காப்பாட்சியர்தான். நல்ல காப்பாட்சியரின் கேள்விகளுக்குப் பிறகு படைப்பு பெரும்பாலும் முன்னைவிட எளிமையாகிவிடும். இதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நடைமுறை. விளக்கை ஏற்றலாமா? காட்சிக்கூடத்தில் தீச்சுடருக்கு அநேகமாக அனுமதி கிடைக்காது. புகை உணரும் கருவி இருக்கிறது, எண்ணெய்க் கரி பக்கத்து அறை ஓவியத்தில் போய்ப் படியும், காப்பீட்டு நிறுவனம் சம்மதிக்காது. அப்படியானால் ஏற்றாத விளக்குகள்தானா? அது வேறு படைப்பாகிவிடுமே. திறப்பு விழா அன்று மட்டும் வெளி முற்றத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, அணைத்து உள்ளே வைக்கலாமா? இந்தச் சின்ன விஷயத்துக்கே மூன்று கூட்டம் நடக்கும்.

செம்மண் அடுத்த தலைவலி. மண்ணோடு பூச்சி வரும். கிடங்கில் கூடையும் துணியும் மரச் சிற்பமும் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் துணி, மரப் பொருள்களைச் சில அருங்காட்சியகங்கள் பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி, பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக் குளிரில் சில நாள் வைத்து, பூச்சியையும் முட்டையையும் கொன்றபிறகே உள்ளே விடும். மண்ணை எப்படிச் சுத்தம் செய்வது என்பதற்குத் தனி நிபுணரைக் கேட்க வேண்டும். டர்பன் ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜனவரியில் குளிர்சாதனம் ஒரு இரவு நின்றால் காகிதம் அலையலையாக நெளியும். மின்வெட்டுக் காலத்தில் எங்கள் காப்பாட்சியர் அட்டவணையைப் பார்த்து நள்ளிரவில் எழுந்து ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று காவலாளிக்கு போன் செய்வார். படம் மாட்டும் வேலை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும்.

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. விளக்கு கலைப்பொருளா, சாமியா? அதைக் கொடுக்கும் பாட்டிக்கு அது காமாட்சி. பார்வையாளர் செருப்போடு அந்த அறைக்குள் வரலாமா? விளக்கைத் தூக்கும் பணியாளர் கையுறை போட்டுக்கொள்வார். பித்தளையில் விரல் ஈரம் பட்டால் கறை விழும் என்பதால்தான். பாட்டி அதை எப்படி எடுத்துக்கொள்வார்? இதற்கெல்லாம் விதிப்புத்தகத்தில் விடை கிடையாது. வீடு வீடாகப் போய், கொடுத்த டீயைக் குடித்து, உட்கார்ந்து பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்க முடியாத பகுதியும் இதுதான் என்பது என் எண்ணம்.

எல்லாம் ஒத்து வந்தால் கடன் ஒப்பந்தம் போடுவோம். ஓவியம் என்றால், ஆணியில் இருந்து எடுத்த கணம் முதல் திரும்ப அதே ஆணியில் மாட்டும் வரை காப்பீடு இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் அதற்குப் பெயரே 'ஆணி முதல் ஆணி வரை'. வெளிநாட்டு அருங்காட்சியகத்திடம் பெரிய ஓவியம் கேட்பதாக இருந்தால் குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு வருடம் முன்பே கடிதம் போக வேண்டும். அவர்கள் நம் கட்டடத்தின் வெப்பநிலை, ஈரப்பதம், பூட்டு, காவல், தீயணைப்பு பற்றிய முழு அறிக்கை கேட்பார்கள். ஒரு நல்ல கண்காட்சிக்குப் பின்னால் இரண்டு, மூன்று வருட வேலை இருப்பது சர்வசாதாரணம்.

பொருள் வந்து சேரும் நாளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மரப்பெட்டி வந்ததும் திறக்க மாட்டோம். 24 மணி நேரம் அறையிலேயே வைத்து, உள்ளே இருக்கும் பொருளை நம் காற்றுக்குப் பழக விடுவோம். பெட்டி மூடியில் ஆணி இருக்காது, திருகுதான். ஆணி அடித்தால் அந்த அதிர்ச்சி ஓவியத்தின் வண்ணத்தை உதிர்த்துவிடும். மறுநாள் திருகுகளைக் கழற்றி, வரிசைப்படி டப்பாவில் போட்டு, ஃபோம் துண்டுகளை எடுத்த இடம் மறக்காமல் எண் எழுதி, பொருளை மேசையில் கிடத்துவோம். அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில், பொருளின் பரப்போடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடிப்போம். நேர் வெளிச்சத்தில் தெரியாத விரிசல், குமிழ், கீறல் எல்லாம் மலைத்தொடர் மாதிரி நிழல் விட்டு எழுந்து நிற்கும். ஒவ்வொன்றையும் அளந்து, படம் எடுத்து, 'இடது மேல் மூலையிலிருந்து 4 செ.மீ. தள்ளி, 12 மி.மீ. நீளக் கீறல், பழையது' என்று எழுதுவோம். இதற்கு நிலை அறிக்கை என்று பெயர். காப்பாட்சியர் பக்கத்தில் நின்று பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு பொருளுக்கு என்ன நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.

மாட்டுவது கடைசி நாள் வேலை. ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுவது வழக்கம். காகிதத்தில் செய்ததற்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் கூடாது, எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை போகலாம். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்பதுதான் உண்மையான யோசனை. இரண்டை அருகருகே வைத்தாலே அவை பேச ஆரம்பித்துவிடும். சில சமயம் சண்டையும் போடும்.

சுவர்க்குறிப்பு எழுதுவதைக் கண்காட்சியின் இதயம் என்றே சொல்வேன். பொருளுக்குப் பக்கத்தில் சின்ன அட்டையில் 80 சொல். பார்வையாளர் அதன் முன்னால் நிற்பது சில நொடி. அதற்குள் புரிய வேண்டும், ஆனால் பார்க்க வேண்டியதைச் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது. ஆங்கிலத்திலும் ஜூலு மொழியிலும் எழுத வேண்டும். தமிழிலும் வேண்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன். ஒரே ஒருமுறை நடந்தது. அன்று ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தமிழ் அட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். படத்தை அவர் அப்புறம்தான் பார்த்தார்.

இதுவரை சொன்னது ஒரு கண்காட்சியின் கதை. அருங்காட்சியகம் நிரந்தரமாக எதை வாங்கிச் சேர்க்க வேண்டும் என்பது இன்னும் பெரிய பொறுப்பு. காப்பாட்சியர் பரிந்துரை எழுதுவார், குழு முடிவு செய்யும். சேர்ந்துவிட்டால் ஒரு சேர்க்கை எண் விழும். அதன்பின் வெளியே அனுப்புவது லேசான காரியம் இல்லை. சேகரிப்பின் பெரும்பகுதி கிடங்கில்தான் இருக்கும், ஆனாலும் இருக்கிறது என்பது பெரிய விஷயம். நூறு வருடம் கழித்து இந்த ஊரில் யார் வாழ்ந்தார்கள் என்று கேட்பவருக்கு அந்தக் கிடங்குதான் விடை.

தென்னாப்பிரிக்காவில் இந்த விடை நெடுங்காலம் ஒருதலைப்பட்சமாகவே இருந்தது. டர்பன் கலைக்கூடம் 1892-இல் தொடங்கியது. தொடக்கத்தில் சுவர்களில் ஐரோப்பிய ஓவியங்கள்தான். பக்கத்திலேயே ஜூலு மக்கள் பின்னிய கூடையும் மணிவேலையும் கைவினை என்ற பெயரில் ஒதுங்கிக் கிடந்தன. அவற்றைக் கலை என்று ஏற்றுச் சேகரிப்பதில் இதே கலைக்கூடம் 1970-களில் முன்னோடியாக நின்றது. யாரோ ஒரு காப்பாட்சியர் அதற்காக ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்க வேண்டும்.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். டர்பன்காரரான ரியாசன் நாயுடு 2009-இல் கேப் டவுனில் உள்ள தென்னாப்பிரிக்கத் தேசியக் கலைக்கூடத்தின் இயக்குநரானார். வெள்ளையர் அல்லாத ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல்முறை. மறு வருடம் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, வழக்கமாகத் தொங்கும் படங்களைக் கழற்றிவிட்டு, 1910 முதல் 2010 வரையிலான நூறு வருடத் தென்னாப்பிரிக்கக் கலையைக் கட்டடம் முழுக்க நிறைத்தார். பலர் கொண்டாடினார்கள், பலர் நெரிசல் என்று குறை சொன்னார்கள், பெரிய விவாதமே நடந்தது. அதற்கு முன்பே, 1950-களில் டிரம் என்ற தென்னாப்பிரிக்க இதழில் வந்த இந்தியர்களின் படங்களைத் தேடித் திரட்டிக் கண்காட்சியாக வைத்தவரும் அவர்தான். நடனக்காரர்கள், குத்துச்சண்டை வீரர்கள், ரவுடிகள், அரசியல்காரர்கள் என்று, பாடப்புத்தகத்தில் இல்லாத நம் தாத்தாக்களும் ஆயாக்களும் சுவருக்கு வந்தார்கள்.

இந்த வேலைக்கு ஒரே பாதை இல்லை என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். நைஜீரியாவில் பிறந்த ஒக்வுயி என்வேசர் அமெரிக்காவில் அரசியல் அறிவியல் படித்தவர், கவிதை எழுதியவர். 1997-இல் இரண்டாவது ஜோகன்னஸ்பர்க் பியனாலேயை வடிவமைத்தார் (பியனாலே என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கலைக் கண்காட்சி). பணத் தட்டுப்பாட்டால் அது குறித்த நாளுக்கு முன்பே மூடப்பட்டது. ஆனாலும் அதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 2002-இல் ஜெர்மனியின் டாக்குமென்டா கலைக் கண்காட்சியையும், 2015-இல் வெனிஸ் பியனாலேயையும் அவர் நடத்தினார். இன்னொருவர் கோயோ குவோ. கேமரூனில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வளர்ந்து, வணிக நிர்வாகமும் வங்கித் துறையும் படித்தவர். 2019-இல் கேப் டவுனின் சைட்ஸ் மோக்கா அருங்காட்சியகத்துக்குத் தலைவரானார். துறைமுகத்தில் 1920-களில் கட்டிய தானியக் கிடங்கின் 42 கான்கிரீட் குழாய்களைக் குடைந்து 2017-இல் திறந்த கட்டடம் அது. நடுக்கூடத்தின் வடிவம் ஒரு சோளமணியைப் பெரிதாக்கி வெட்டியது. அங்கே 2022-இல் அவர் நடத்திய கண்காட்சியில், கறுப்பினத்தவர் தங்களைத் தாங்களே வரைந்த நூறு வருட ஓவியங்கள், 150-க்கும் மேற்பட்ட கலைஞர்களுடையவை, ஒன்று சேர்ந்தன. 2026 வெனிஸ் பியனாலேக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 2025 மே மாதம் காலமாகிவிட்டார். அவர் எழுதி வைத்திருந்த திட்டப்படியே அதை நடத்துவது என்று பிறகு முடிவானது. காப்பாட்சியரின் குறிப்புகள் அவ்வளவு தெளிவாக இருந்தால்தான் இது முடியும்.

படிப்புக்கு வருகிறேன். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் காப்பாட்சிக்கென்றே ஹானர்ஸ் படிப்பு, அதாவது முதல் பட்டத்துக்குப் பிந்தைய படிப்பு, இருக்கிறது. மேற்கு கேப் பல்கலைக்கழகமும் சைட்ஸ் மோக்காவும் சேர்ந்து ஓர் உதவித்தொகைப் பயிற்சி நடத்துகின்றன. இங்கேயே படிக்க வேண்டுமென்றால் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை, பீட்டர்மாரிட்ஸ்பர்கில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காட்சிக்கலை மையம். வரலாறோ மானுடவியலோ படித்துவிட்டும் வரலாம். படிக்கும்போதே ஒரு கலைக்கூடத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்துவிட வேண்டும். பெட்டி தூக்குவதிலிருந்து எக்செல் கணக்கு வரை எல்லாம் அங்கேதான் பழகும். பிறகு உதவிக் காப்பாட்சியர், காப்பாட்சியர், தலைமைக் காப்பாட்சியர் என்று படி ஏறும். எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாக இயங்குபவர்களும் நிறைய.

மறைக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிரந்தர வேலைகள் குறைவு. நகராட்சிக் கலைக்கூடத்தில் ஓர் இடம் காலியாகி, அதை நிரப்புவதற்குள் வருடங்கள் ஓடிவிடலாம். பலர் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். வீட்டில் "அக்கவுன்டிங் படி" என்றால் அவர்கள் கவலையிலும் நியாயம் உண்டு. கணக்கு தெரிந்த காப்பாட்சியருக்கு மதிப்பு அதிகம் என்று அவர்களிடம் சொல்லலாம், அது உண்மையும்கூட. அதோடு, கலைப்பொருளை வாங்கி விற்கும் தொழிலை இதோடு சேர்க்கக் கூடாது. தனக்குப் பிடித்த கலைஞரின் படத்தைத் தன் வீட்டுக்கு மலிவாக வாங்கிவிட்டு, அடுத்த மாதம் அவருக்கே கண்காட்சி வைத்தால் அந்தக் காப்பாட்சியரின் சொல்லை யார் நம்புவார்கள்?

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம் இதில் பாதியைச் சொன்னேன். கற்பனைக் கண்காட்சிக்கு அவள் ஆயாவின் விளக்கைக் கடன் கேட்டு, அதற்கு 80 சொல்லில் ஒரு சுவர்க்குறிப்பு எழுதி வரச் சொன்னேன். பித்தளை, உயரம் 14 செ.மீ., வலது பக்கம் நெளிசல் என்று அளந்தே எழுதி வந்தாள். நெளிசல் எப்படி வந்தது என்று கேட்டேன். தெரியாது, ஆயாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பிறகு தயங்கி, "ஆன்ட்டி, ஆயா கொடுக்க மாட்டேங்கறாங்க. வெள்ளிக்கிழமை விளக்கேத்த என்ன செய்றதுன்னு கேக்குறாங்க" என்றாள்.

கடன் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாமே என்றேன். பேனாவை எடுத்து, அட்டையின் பின்பக்கம் எழுதினாள்: 'இந்த விளக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுக்குப் போய், சனிக்கிழமை காலை திரும்பி வரும்.'